பாட்டுப்பெட்டியின் சின்னம் கூறும் செய்தி

மின்சாரம் எட்டாத வீடுகளிலும் சாவி கொடுத்தால் பாடும் பெட்டியொன்று முன்னாளில் இருந்தது. அதனைக் கிராமபோன் என்றும் போனோகிராப் என்றும் கூறுவர்; நம் பெரியோர் பலர் பாட்டுப்பெட்டி என்றே அழைத்தனர். அத்தகைய பெட்டி ஒரு வீட்டின் பரண்மேல் கிடக்குமாயின், அதன் அருமை அறியாமல் பழைய இரும்பின் விலைக்கு விற்றுவிடுதல் எளிது. பழமை என்று நம்பிப் புதிய போலியொன்றைப் பெரும்பணம் கொடுத்து வாங்கி ஏமாறுதலும் எளிது. இவ்விரு இழப்பினின்றும் நம்மைக் காக்க வல்லது, பெட்டியின்மேல் உள்ள வணிகச் சின்னத்தைப் படித்தறியும் அறிவாகும்.

முதற்கண் பெயர்களை நோக்குவோம். அமெரிக்க நாட்டு அறிஞர் தாமஸ் ஆல்வா எடிசன் 1877ஆம் ஆண்டில் ஒலியைப் பதியும் பொறியைக் கண்டுபிடித்து, அதற்குப் போனோகிராப் எனப் பெயரிட்டார். பின்னர் அவருடைய பொறிகளில் உருளை வடிவான மெழுகுப் பதிவுகள் சுழன்றன. அவற்றின் சின்னம் வேறெதுவுமன்று, எடிசனின் கையெழுத்தேயாகும். எமில் பெர்லினர் என்பார் 1887இல் தட்டையான இசைத்தட்டுக்கு வழிகண்டு, தம் பொறியைக் கிராமபோன் என்றார். கொலம்பியா நிறுவனமோ தன் பொறியைக் கிராபோபோன் என்று விற்றது. ஆகவே, பழைய பெட்டியில் இம்மூன்று சொற்களுள் எது பொறிக்கப்பட்டுள்ளது என்பதே செய்தவரை அறிய முதற்படியாகும்.

சின்னங்களுள் உலகப் புகழ்பெற்றது நாய்ச் சின்னமே. நிப்பர் என்னும் அந்நாய் 1884இல் பிறந்து 1895இல் இறந்தது. பிரான்சிஸ் பராட் என்னும் ஆங்கில ஓவியர், நாய் இறந்தபின், அது பாட்டுப்பெட்டியின் குழலருகே செவிசாய்த்து அமர்ந்திருப்பதாக ஓர் ஓவியம் தீட்டினார். அவ்வோவியத்தில் முதலில் இருந்தது எடிசன் வகையைச் சார்ந்த உருளைப் பொறி! 1899இல் லண்டன் கிராமபோன் நிறுவனத்தார், அப்பொறியை அழித்துத் தங்கள் தட்டுப் பொறியை வரைந்து தந்தால் வாங்கிக்கொள்வோம் என்றனர். ஓவியரும் அவ்வாறே செய்து, ஓவியத்திற்கு 50 பவுனும் உரிமைக்கு 50 பவுனும் பெற்றார். ஒருவர் பொறியின்மேல் மற்றொருவர் பொறியை வரைந்து பிறந்த சின்னம் இது என்பதை எண்ணும்போது நமக்கு நகையே தோன்றுகிறது.

எனினும் நாயைக் கண்டவுடன் செய்தவர் இன்னார் என்று துணிதல் கூடாது. அமெரிக்காவில் அச்சின்னம் 1901இல் தோன்றிய விக்டர் நிறுவனத்துக்கு உரியதாயிற்று. ஜப்பானில் 1927இல் தோன்றிய விக்டர் நிறுவனமும் அதனைக் கையாண்டது. படத்தின் அருகே உள்ள எழுத்துகளையும் படித்தல் வேண்டும். கேம்டன் என்று ஊர்ப்பெயர் இருப்பின் அமெரிக்கப் பொறி. ஹேய்ஸ் என்றிருப்பின் ஆங்கிலப் பொறி.

அதே லண்டன் நிறுவனத்திற்கு நாய்க்கு முன்பே வேறொரு சின்னம் இருந்தது. சிறகுடைய தேவதை ஒன்று அமர்ந்து, இறகுப் பேனாவால் தட்டின்மேல் எழுதுவதே அச்சின்னம். அந்நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் 1903இல் சிங்கப்பூருக்கு வந்து மலாய்ப் பாடல்களைப் பதிந்தபோது, அதன் தட்டுகளில் இருந்தது இத்தேவதையே.

மலாயாவில் ஆங்கிலம் படியாதோரும் பொருளைப் படத்தால் அறிந்தனர். மலாய் மொழியில் அதற்குச் 'சாப்' என்பர். நாய்ச் சின்னம் 'சாப் அஞ்சிங்'. பிரான்ஸ் நாட்டுப் பாத்தே நிறுவனத்தின் சேவல் 'சாப் ஆயாம்'. கொலம்பியாவுக்கு இணைந்த இரு இசைக்குறிகள் சின்னமாயின. ஒடியன் தட்டுகளில் குவிமாடக் கட்டடம் காணப்படும். ஏ.வி. மெய்யப்பன் சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியே தமிழர்க்கு அறிமுகமான சின்னம் இது. பார்லோபோனின் சின்னத்தைப் பவுன் பணக்குறி என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது லின்ட்ஸ்ட்ராம் என்னும் செருமானிய நிறுவனப் பெயரின் முதலெழுத்தாகும்.

இனி, போலியைக் காணும் முறையைக் கூறுவோம். பெரிய பித்தளைக் குழலும் பளபளப்பான நாய்ப் பட்டயமும் உடைய புதிய பெட்டிகள் பல, பழைய உறுப்புகளைக் கொண்டு இந்தியாவில் செய்யப்பட்டு, பழம்பொருள் கடைகளில் விற்கப்படுகின்றன. பட்டயத்தை ஓர் ஆணியால் எப்பெட்டியிலும் அறைந்துவிடலாம். ஆதலின் ஊசியைத் தாங்கும் வட்டமான சவுண்ட் பாக்ஸின் முகத்தைப் பாருங்கள். '5ஏ', '5பி' என்னும் எண்கள் 1931இல் வெளிவந்த 102ஆம் எண் கைப்பெட்டியில் பொருத்தப்பட்டவை. 1905ஆம் ஆண்டுப் பொறி என்று விற்கப்படும் குழற்பெட்டியில் அவ்வெண் இருக்குமாயின் ஐயுற வேண்டும். பழுதுற்ற உறுப்பை மாற்றியும் இருக்கலாம். ஆகவே மூடியின் உட்புறத்தையும், தட்டு சுழலும் மேடையின் கீழுள்ள இயந்திரத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே முடிவு செய்தல் நன்று. சில அமெரிக்கப் பெட்டிகளின் தகட்டில் காப்புரிமை ஆண்டுகள் வரிசையாக உள்ளன. அவற்றுள் இறுதி ஆண்டுக்கு முன் அப்பெட்டி செய்யப்பட்டிருக்க இயலாது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் இத்தகைய பெட்டி இருப்பின், அழகுபடுத்தக் கருதி உப்புத்தாளால் தேய்க்கவோ புதிய வர்ணம் பூசவோ வேண்டா. மரத்தின்மேல் ஒட்டிய மெல்லிய சின்னம் ஒருமுறை அழிந்தால் மீளாது. உலர்ந்த மென்துணியால் தூசு துடைப்பதே போதும்.

மாணவர்கள் செய்து பார்க்கத்தக்க செயலொன்றும் உண்டு. மிகப் பழைய தட்டுகளில் ஒரு பக்கத்தில் மட்டுமே பாட்டு இருக்கும். அதன் மறுபக்கத்தில் தேவதைச் சின்னம் அழுத்தப்பட்டிருப்பின், மெல்லிய தாளொன்றை அதன்மேல் வைத்து, நாணயத்தைப் படியெடுப்பது போலப் பென்சிலால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். முதலில் சிறகும், பின்னர் இறகுப் பேனா பிடித்த கையும் தாளில் எழும்.