மக்கள் சபையில் கட்சிகள் ஆட்சி பெறும் விதம்

சென்ற மாதம் ஒரு கிராம சபைக் கூட்டத்தில் முதிய விவசாயி ஒருவர் எழுந்து, "2014-ஆம் வருஷத் தேர்தலில் நூற்றுக்கு முப்பத்தோரு ஓட்டு வாங்கிய கட்சி நாட்டையே ஆண்டதே, மீதிப் பேரின் ஓட்டு எங்கே போயிற்று?" என்று நம்மைக் கேட்டார். கூட்டம் சிரித்தது. ஆயினும் கேள்வி சிரிக்கத் தக்கதன்று. பஞ்சாயத்து அங்கத்தினர் பலருக்கும் இந்த ஐயம் உண்டென்பதை நாம் அறிவோம். சர்க்கார் ஊழியராகிய நாம் எக்கட்சியையும் போற்றவோ தூற்றவோ இதனை எழுதவில்லை. கணக்கை விளக்குவதே நம் நோக்கம்.

மக்கள் சபைக்கு 543 தொகுதிகள் உள்ளன. ஒரு தொகுதியில் மற்றெல்லோரையும் விட அதிக ஓட்டுப் பெறுகிறவரே வென்றவர். பாதிக்கு மேல் பெறவேண்டும் என்ற விதி கிடையாது. ஆயிரம் ஓட்டு விழுந்து, மூன்று அபேட்சகர்கள் முறையே 400, 350, 250 பெற்றால் நானூறு பெற்றவர் சபைக்குச் செல்கிறார். அவருக்கு எதிராக விழுந்த அறுநூறு ஓட்டும் இரண்டாகப் பிரிந்து பயனற்றுப் போகிறது. இதுவே பல நூறு தொகுதிகளில் நிகழும்போது, குறைந்த ஓட்டுக்கு மிகுந்த ஸ்தானங்கள் கிடைத்துவிடுகின்றன. 1951-52 தேர்தலில் காங்கிரஸ் நூற்றுக்கு 45 ஓட்டுப் பெற்று, 489 ஸ்தானங்களில் 364-ஐ அடைந்தது. 2014-இல் பாரதீய ஜனதா கட்சி நூற்றுக்கு 31 ஓட்டுப் பெற்று 282 ஸ்தானங்களை அடைந்தது. எந்தத் தனிக் கட்சியும் இதுவரை நாடு முழுவதும் விழுந்த ஓட்டில் பாதியைப் பெற்றதில்லை. 1984-இல் காங்கிரஸ் பெற்ற 49-தான் எல்லாவற்றிலும் உயர்ந்தது.

எதிர் ஓட்டுக்கள் சிதறாதிருக்கவே கட்சிகள் கூட்டுச் சேருகின்றன. 1977-இல் நான்கு கட்சிகள் ஜனதா என்ற பெயரில் ஒன்றாக நின்றமையால், ஆண்டுகொண்டிருந்த காங்கிரஸ் 154 ஸ்தானங்களுக்குச் சுருங்கிற்று.

ஸ்தானங்களைப் பெற்றபின் நடப்பது நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. கிராமப் பஞ்சாயத்துத் தலைவரை ஊரார் நேரே தேர்ந்தெடுக்கின்றனர்; ஒன்றியத் தலைவரையோ ஒன்றிய அங்கத்தினர்களே தேர்கின்றனர். பிரதம மந்திரியின் நிலை இந்த இரண்டாவதைப் போன்றது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அங்கே முதலில் ஓட்டெடுப்பதில்லை. சபையில் பெரும்பான்மையோரின் ஆதரவு யாருக்கு என்று கண்டு ஜனாதிபதி அவரை அழைக்கிறார். அந்தப் பெரும்பான்மை 272. அதனைத் தனியே எட்டாத கட்சி பிறர் துணையை நாடவேண்டும். 2024-இல் 240 ஸ்தானங்கள் பெற்ற பாரதீய ஜனதா கட்சி, தன் கூட்டணியினரையும் சேர்த்து 293 பேருடன் மந்திரி சபை அமைத்தது.

அமைத்ததோடு வேலை முடிவதில்லை. மந்திரி சபை மக்கள் சபையின் நம்பிக்கை உள்ளவரையே நிலைக்கும். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் மந்திரி சபைக்கு ஆதரவாக 269 ஓட்டுக்களும் எதிராக 270 ஓட்டுக்களும் விழுந்தன. ஓர் ஓட்டில் ஆட்சி கவிழ்ந்தது! அங்கத்தினர்கள் மனம் போனபடி கட்சி தாவுவதைத் தடுக்க 1985-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது; கட்சியின் கட்டளையை மீறி ஓட்டளிப்பவர் பதவியை இழக்க நேரும்.

ராஜ்ய சபைக்கு இத்தகைய அதிகாரம் இல்லை. அதன் அங்கத்தினரில் மிகப் பெரும்பாலோரை மாநிலச் சட்டசபை அங்கத்தினர்கள் தேர்கின்றனர். மற்ற மசோதாக்களை அது தடுத்து நிறுத்தக் கூடும். பண மசோதாவையோ 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். கஜானாச் சாவி மக்கள் சபையிடமே இருக்கிறது.

இவ்வளவையும் கேட்ட பெரியவர், "தொகுதிக்குப் பல லட்சம் பேர், அதில் எங்கள் தெருவின் பத்து ஓட்டு எதற்கு?" என்றார். 1989-இல் ஆந்திரத்தின் அனகாபள்ளித் தொகுதியில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்தது 9 ஓட்டு என்று சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, பதினெட்டு வயது நிறைந்த தம் பேரனை அழைத்துக்கொண்டு, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் ஆறாம் எண் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டு நம் ஆபீசுக்கு வந்திருந்தார்.