பாகியான் கண்ட கடல்வாழ்வு

சீன பிக்கு பாகியானின் யாத்திரை நூலைப் பயிலும் அன்பர்கள், கபிலவத்துவும் புத்தகயாவும் வரும் பகுதிகளிலேயே கருத்தைச் செலுத்துவது இயல்பு. நாம் இம்முறை அந்நூலின் இறுதியிலுள்ள கடற்பயணத்தை எடுத்துக்கொள்வோம்.

கி.பி. 399-இல் சாங்கானிலிருந்து தரைவழியே புறப்பட்ட அவர், பாரதத்தில் பல்லாண்டுகள் பயின்று, பின் இலங்கையில் இரண்டாண்டுகள் தங்கினார். மகிசாசக விநயம், தீர்க்காகமம், சம்யுக்தாகமம் முதலிய ஏடுகளை அங்கே பெற்று, அவற்றோடு ஒரு வணிகக் கலத்தில் ஏறினார்.

அக்கலத்தில் இருநூறுக்கு மேற்பட்டோர் இருந்தனர். கலம் உடைந்தால் உயிர் தப்புதற்கென ஒரு சிறு படகு பின்னே கயிற்றால் பிணிக்கப்பட்டிருந்தது. சில நாட்களில் புயல் எழுந்து, கலத்தினுள் நீர் புகுந்தது. வணிகர் படகிற்கு விரைந்தனர். முன்னமே அதில் ஏறியிருந்தோரோ, கூட்டம் மிகுமென அஞ்சிக் கயிற்றை அறுத்துவிட்டனர்! எஞ்சியோர் கனத்த சரக்குகளைக் கடலில் எறிந்தனர். பாகியானும் தம் நீர்க்குடுவையையும் கழுவுகலத்தையும் எறிந்தார். ஏடுகளையும் படிமங்களையும் வணிகர் எறிந்துவிடுவரோ என்பதே அவருடைய அச்சம். தம் உயிரைப் பற்றி அவர் அங்கே அதிகம் பேசவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். பதின்மூன்று நாட்களுக்குப்பின் ஒரு தீவின் ஓரத்தில், நீர் வற்றிய வேளையில், கசிவிடத்தைக் கண்டு அடைத்தனர்.

காந்த ஊசி கப்பல்களில் வழங்காத காலம் அது. ஞாயிறு, திங்கள், விண்மீன் இவையே வழிகாட்டிகள். மேகம் மூடினால் காற்று கொண்டு சென்ற திசையே திசை. ஆழம் காணாத கடலாதலின் நங்கூரமிடவும் இடமில்லை. இருளில் பேரலைகள் ஒன்றோடொன்று மோதித் தீப்போல் ஒளிர்ந்ததாக அவர் எழுதுகிறார். கடலின் நுண்ணுயிர்கள் நீர் கலங்குங்கால் ஒளிவிடும் என்பதை இன்று அறிவோம். அவர் கண்டதும் அதுவாகலாம்.

தொண்ணூறு நாட்களுக்குமேல் கழிந்தபின் யெபோதி என்னும் நாட்டை அடைந்தனர். அது ஜாவாவா, சுமத்ராவா, வேறிடமா என்பதில் அறிஞர் வேறுபடுவர். அங்கே ஐந்து திங்கள் தங்கியபின் வேறொரு கலம் கிட்டியது. தென்மேற்குக் காற்றின் துணையால் ஐம்பது நாளில் கான்டன் சேரலாம் என்பது வணிகர் கணக்கு. உணவும் நீரும் அவ்வளவிற்கே ஏற்றப்பட்டன.

ஒரு திங்களுக்குப்பின் இரவில் கருங்காற்றும் பெருமழையும் சூழ்ந்தன. பொழுது விடிந்ததும் கலத்திலிருந்த பிராமணர் கூடி ஆராய்ந்தனர். இச்சமணர் உடனிருப்பதே துன்பத்திற்குக் காரணம், ஒருவர்பொருட்டு அனைவரும் அழிவதா, இவரை ஏதேனும் ஒரு தீவின் கரையில் இறக்கிவிடுவோம் என்பது அவர்தம் முடிவு. காற்றைக் கணிக்கத் தவறியோர் ஒரு மனிதர்மீது பழி சுமத்துகின்றனர்! இத்தகைய தீர்ப்பு நம்மில் பலருக்குப் புதிதன்று. ஆனால் பாகியானை ஆதரித்த வணிகர் ஒருவர் எழுந்து, அவரை இறக்கினால் என்னையும் இறக்குங்கள், அன்றேல் கொன்றுவிடுங்கள். சீனம் சேர்ந்ததும் புத்த தருமத்தைப் போற்றும் அரசனிடம் உங்கள் செயலைச் சொல்வேன் என்றார். ஏனையோர் தயங்கினர், பிக்கு கலத்திலேயே இருந்தார். அவ்வணிகரின் பெயரை நூல் கூறவில்லை.

எழுபது நாட்கள் கடந்தன. வானம் இருண்டே கிடந்தமையால் மாலுமிகள் வழி பிழைத்தனர். உப்புநீரில் சமைத்தனர், நன்னீரை ஆளுக்கு இரண்டு ஷெங் வீதம் பங்கிட்டனர். அது அரை லிட்டருக்கும் குறைவு. அதுவும் தீரும் நிலையில் வடமேற்கே திரும்பி, பன்னிரண்டு நாட்களில் லாவோ மலையின் அடியில் கரை கண்டனர். அங்கு முளைத்திருந்த கீரையைக் கண்டே அது சீன நாடு எனத் தெளிந்தனர். ஆயினும் எவ்வூர் என்பது விளங்கவில்லை. சிறு படகில் சென்றோர் வேடர் இருவரை அழைத்து வந்தனர். அவர்களிடம் பேசுதற்குப் பாகியானையே முன்னிறுத்தினர்.

அவர் முதலில் அவர்களின் அச்சத்தைத் தணித்துப் பின்னரே வினவினார். நீவிர் யாவர் என்றதற்குப் புத்தரின் அடியார் என்றனர். மலையில் எதைத் தேடினீர் என்றதற்கு, நாளை ஏழாம் திங்களின் பதினைந்தாம் நாளாதலின் புத்தருக்குப் படைக்கக் கனி தேடினோம் எனப் பொய்யுரைத்தனர். பாகியான் அதைக் கடிந்ததாக நூலில் இல்லை. இது எந்நாடு என்றே அடுத்துக் கேட்டார்.