கழுவிய காரில் நீர்க்கறை படியாதிருக்க

செம்பூரை ஒட்டிய திலக் நகரில், வீட்டுவசதி வாரியத்தின் பழைய கட்டடங்கள் பல இன்று அடுக்குமாடிகளாக உயர்ந்துள்ளன. அவற்றின் கீழ்த்தளங்களில் நிற்கும் கார்களுள் வங்கிக் கடனில் வாங்கப்பட்டவையும் உண்டு. வாகனக் காப்பீட்டில், நான்கு ஆண்டு கடந்த கார் ஐந்தை எட்டும்வரை அதன் தேய்மானம் 50 விழுக்காடு எனக் கொள்ளப்படுகிறது. அதனை நாம் தடுக்க இயலாது. ஆயினும், விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் காண்பது வண்ணப்பூச்சையே. அதனைக் காப்பது நம் கையில் உள்ளது.

கறை தோன்றுவது ஏன்?

மாநகராட்சி நமக்கு வழங்குவது பாத்சா, தான்சா, வைதர்ணா முதலிய நீர்த்தேக்கங்களின் மழைநீர்; அதில் உப்பு குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீரிலோ கால்சியம், மக்னீசியம் உப்புகள் பெரும்பாலும் மிகுந்திருக்கும். குடிநீரைச் சேமிக்க, கார் கழுவக் கிணற்று நீரை எடுப்பதே முறை. ஆனால் துளி உலரும்போது நீர் மட்டுமே ஆவியாகிறது. உப்பு வெண்வளையமாகத் தங்கிவிடுகிறது. வெயிலில் நாள்பட நின்றால் அது பூச்சையும் அரிக்கும்.

செய்ய வேண்டியவை

1. வெயில் ஏறுமுன், நிழலில், பானட் நன்கு ஆறிய பின்னரே கழுவ வேண்டும்.

2. சோப்பு நுரை காயுமுன் பகுதி பகுதியாக அலச வேண்டும்.

3. இறுதியாக, நீரைத் தெளிக்காமல் கூரையிலிருந்து மெல்ல ஒழுகவிட்டால், வழியும் நீர் துளிகளையும் உடன் இழுத்துச் செல்லும். இதற்குச் சேமித்த மழைநீரோ, ஏ.சி. இயந்திரத்திலிருந்து வடியும் நீரோ ஒரு வாளி போதும். இவற்றில் உப்பு மிகக் குறைவு.

4. சுத்தமான மைக்ரோஃபைபர் துண்டை விரித்து, அழுத்தாமல் இழுக்க வேண்டும். கூரை, கண்ணாடி, பானட், பக்கங்கள் என மேலிருந்து கீழ்நோக்கி வருக. மணல் ஒட்டும் கீழ்ப்பகுதிக்குத் தனித்துணி தேவை. அதே துணியை மேலே கொண்டுசென்றால் கீறல் விழும்.

5. கதவு விளிம்பு, பக்கக் கண்ணாடியின் இடுக்கு, எண் பலகை ஆகியவற்றில் தேங்கிய நீர் பின்னர் வழிந்து கறையாகும். அவற்றையும் துடைத்துவிடுக.

துண்டைத் துவைக்கும்போது, துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்க வேண்டாம். நீரை உறிஞ்சும் ஆற்றல் குறைந்துவிடும்.

முன்பே கறை படிந்திருந்தால், வெள்ளை வினிகரும் நீரும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்தெடுத்து, நன்கு அலசி உலர்த்துக. அதன் பின்னும் தடம் தெரியுமாயின் பூச்சு அரிக்கப்பட்டிருக்கலாம். அதற்குப் பட்டறையில் மெருகேற்றுவதே வழி. அச்செலவோடு ஒப்பிட்டால், ஒரு நல்ல துண்டும் சில நிமிடங்களும் மிகச் சிறிய முதலீடே.