கடப்பைக் கல் தரையில் படிந்த பழைய மெழுகு

பஞ்சாயத்து அலுவலகம், நூல் நிலையம், சமுதாயக் கூடம் முதலிய பொதுக் கட்டடங்கள் பலவற்றிலும், வசதியுள்ள குடியானவர் வீடுகளிலும் கடப்பைக் கற்களால் தளம் பாவப்பட்டிருப்பதைக் காண்கிறோம். விழாக் காலங்களில் தரை பளபளக்க வேண்டும் என்று கருதி, அதன்மீது மெழுகுப் பாலிஷோ வார்னிஷோ பூசுவது வழக்கமாகிவிட்டது. பழைய பூச்சை நீக்காமலேயே புதிய பூச்சை இடுவதால், இடையில் புழுதி சிக்கித் தரை முழுவதும் மஞ்சளும் கருமையும் கலந்த ஓர் ஏடு படிந்துவிடுகிறது. அதன்மேல் சிறிது நீர் சிந்தினாலும் முதியோரும் குழந்தைகளும் வழுக்கி விழ நேரிடும். ஆகவே இப்பூச்சை அகற்றுவது அழகுக்காக மட்டும் செய்யும் வேலையன்று.

ஆனால் அகற்றும் முறை தவறினால் கல்லே பாழாகும். சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்வையிட்ட ஒரு சமுதாயக் கூடத்தில், கழிப்பறை கழுவும் ஆசிட்டைத் தரை முழுவதும் ஊற்றித் தேய்த்திருந்தார்கள். வேலை முடிந்த பின் மெழுகு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தது. மெழுகு தேய்ந்துபோயிருந்த நடைபாதையில் கல்தான் அரிக்கப்பட்டு வெளிறிச் சொரசொரப்பாகிவிட்டது. பின்னர் இயந்திரம் கொண்டு தளம் முழுவதையும் மெருகிட வேண்டியதாயிற்று.

இதன் காரணம் எளிது. ஆந்திரப் பிரதேசத்தின் கடப்பை மாவட்டத்தில் வெட்டியெடுக்கப்படும் இக்கல் சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்தது. அமிலம் பட்டவுடன் அது கரைந்து, கரியமில வாயு குமிழியிட்டு வெளிப்படுகிறது. அந்த நுரையைக் கண்டு அழுக்கு நீங்குகிறது என்று மகிழ்வோர் உளர், நீங்குவது கல்லேயாம். மெழுகையோ அமிலம் கரைப்பதில்லை. கோயில்களில் காணும் கருங்கல் வேறு இனம். அமிலம் அதனை இவ்வாறு நுரைக்கச் செய்வதில்லை.

வேலையைத் தொடங்குமுன் தரையின் ஒதுக்குப்புறமான மூலையில் ஒரு காசின் விளிம்பால் சுரண்டிப் பார்க்க வேண்டும். மெழுகாயின் மெத்தென்ற துருவலாக வரும். வார்னிஷாயின் உடைந்து செதில் செதிலாகப் பெயரும். வார்னிஷை எடுக்கப் பெயிண்ட் கடைகளில் விற்கும் பெயிண்ட் ரிமூவர் தேவைப்படும். அதைப் பழக்கமுள்ள தொழிலாளியிடம் விடுவதே நலம்.

மெழுகிற்குச் சலவைச் சோடா போதும். பத்து லிட்டர் வெந்நீரில் கால் கிலோ சோடாவைக் கரைத்துக்கொள்க. கையுறை அவசியம். முதலில் தரையை வெறுந்தண்ணீரால் நனைக்க வேண்டும். கல்லின் நுண்துளைகளில் நீர் நிறைந்துவிட்டால் இளகிய அழுக்கு உள்ளிறங்காது. பிறகு ஒரு பாய் அளவு இடத்தில் மட்டும் சோடா நீரை ஊற்றிப் பத்து நிமிடம் காயாமல் ஈரமாக வைத்திருந்து, தேங்காய் நாரால் தேய்த்து, இளகிய குழம்பை உடனே துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். இரும்புக் கம்பிநார் கூடாது. அதன் துணுக்குகள் கல்லில் தங்கித் துருக்கறை ஏற்படுத்தும். மூன்று முறையேனும் நல்ல தண்ணீரால் அலசாவிடில், உள்ளே தங்கிய சோடா தரை உலர்ந்ததும் வெண்மையாகப் பூத்துக் கிளம்பும்.

மெழுகுவர்த்தி செய்யும் பாரபின் போன்ற பெட்ரோலிய மெழுகு சோடாவுக்கு மசியாது. அதற்கு டர்பன்டைன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கதவு, சன்னல்கள் யாவும் திறந்திருக்கட்டும்; அருகில் அடுப்பும் பீடியும் வேண்டாம். அத்துணிகளைக் குவித்து வைத்தால் தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். ஆதலால் நீரில் ஊறவிட்டுப் பின்னர் அப்புறப்படுத்துக.

விளக்கெண்ணெய் போன்றவை சிந்தி ஆழ இறங்கிய கறைக்குச் சாக்குக் கட்டித் தூளைச் சோடா நீரில் பிசைந்து, விரற்கடை கனம் அப்பி, மேலே ஈரச்சாக்கிட்டு ஒரு நாள் விட்டு, பின் சாக்கை நீக்கிக் காயவிட்டால், தூள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஒரே முறையில் போகாவிடில் மீண்டும் செய்யலாம்.

பஞ்சாயத்துகளில் பிளீச்சிங் பவுடர் எப்போதும் கையிருப்பில் இருக்கும். அதனுடன் ஆசிட்டைச் சேர்த்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும்பும். மூடிய அறையில் இது உயிருக்கே ஆபத்தாகும். துப்புரவுப் பணியாளர்களுக்கு இதனை நேரில் எடுத்துச் சொல்வது அங்கத்தினர்களின் கடமையாகும்.

கழுவிய நீரை எங்கு விடுவது? தோட்டத்து வாய்க்காலில் விடலாகாது. சோடாவிலுள்ள சோடியம் மண்ணை இறுகச் செய்து களராக்கும் என்பதைக் களர் நிலத்தில் பாடுபட்ட உழவர் நன்கறிவர். கிணற்றிற்கும் பயிருக்கும் எட்டாத சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ விடுக.

தரை இரண்டு மூன்று நாள் நன்கு உலர்ந்த பின் கல்லின் இயல்பான கருநிறம் சற்று மங்கலாகவே தோன்றும். அதைக் கண்டு மறுபடியும் மெழுகு வாங்கக் கிளம்ப வேண்டாம். நாள்தோறும் பெருக்கி, வாரம் ஒருமுறை சோப்பு மிகச் சிறிதே கலந்த நீரில் பிழிந்த துணியால் துடைத்து, பின் வெறுநீரால் துடைத்து வந்தால், நடமாட்டத்தாலேயே ஓரளவு மினுமினுப்பு ஏறிவிடும்.