பாசுரத்தில் தட்டுப்படும் புதிர்

கேள்வி: பழைய பாசுரங்களில் விசித்திரமான சொற்றொடர்கள் வருகின்றன. அவற்றுக்கு எங்கே விளக்கம் தேடுவது?
- வாசகர், மருங்காபுரி

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்ரீரங்கம் இருக்கிறதே! 13ஆம் நூற்றாண்டில் அங்கே நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன விளக்கங்களைக் கேட்டு, வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்ததுதான் ‘ஈடு’ முப்பத்தாறாயிரப்படி. படி என்பது ஒற்று நீக்கி 32 எழுத்து. கணக்குப் போட்டால் பதினொரு லட்சத்தைத் தாண்டும்! புரியாத தொடர் வந்தால் உரைகாரர் தாண்டிப் போகமாட்டார். ‘இது எப்படிப் பொருந்தும்?’ என்று தாமே கேள்வி எழுப்பி, ராமானுஜரும் பராசர பட்டரும் சொன்னதை எடுத்துக்காட்டி விடை தருவார். மற்ற ஆழ்வார் பாசுரங்களுக்குப் பெரியவாச்சான் பிள்ளையின் உரை கைகொடுக்கும். இந்த உரைகளின், தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடை முதலில் மிரட்டும். பத்துப் பக்கம் பொறுமையாகப் படியுங்கள், பிடிபட்டுவிடும்.

தேவாரம், சங்க நூல்கள் என்றால் 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டுங்கள். பொருளோடு, அந்தச் சொல் வரும் நூலையும் அது காட்டும்.

கண்ணில் பட்ட தொடரைப் பாசுர எண்ணோடு நோட்டில் குறித்து வையுங்கள். அதே தொடர் இன்னொரு நூலில் எதிர்ப்படும்போது, பாதி விடை தானாகவே கிடைத்துவிடும்.