சிலந்தி வளர்க்க விரும்பும் தம்பிக்கு

கிண்ணியா

அன்புள்ள தம்பி,

போன கிழமை பாலத்தடியில் உன் வாப்பாவைக் கண்டேன். வளவின் மூலையில் பட்டுப்போய் நிற்கும் புளியமரத்துப் பொந்திலிருந்து நீ ஒரு புலிமுகச் சிலந்தியைப் பிடித்துப் போத்தலில் அடைத்து வைத்திருப்பதாகவும், அடித்துக் கொல்லவேண்டுமென்று வீட்டார் சொல்ல, வளர்த்தே தீருவேன் என்று நீ நிற்பதாகவும், இலண்டனில் பல வருஷம் இவ்வகைச் சிலந்திகளோடு பழகியவன் என்ற முறையில் நான்தான் உனக்குப் புத்தி சொல்லவேண்டுமென்றும் அவர் கேட்டுக்கொண்டார். புத்தி சொல்வதற்கு முன் உன்னை மெச்சுகிறேன்; கண்டவர்களெல்லாம் விளக்குமாற்றைத் தேடும் ஒரு பிராணியை உட்கார்ந்து பார்க்க உனக்குத் தோன்றியதே, அந்தச் சுபாவம் எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

இது கடித்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்று பெரியவர்கள் சொல்வது சரியன்று. இந்த இனத்துச் சிலந்தி கடித்து மனிதர் இறந்ததாக உறுதிப்பட்ட வைத்தியப் பதிவு இல்லை. ஆனால், நீ கைபேசியில் பார்த்ததாகச் சொல்லும் வெளிநாட்டார், குளவி கொட்டியது போலத்தான் இருக்கும், வேறொன்றும் ஆகாது என்று சொல்கிறார்களே, அது இதனினும் பெரிய பிழை. அவர்கள் உள்ளங்கையில் ஏந்திக் காட்டுவது மெக்சிகோவின் செம்முழங்காற் சிலந்தியை. அது நிலத்தில் வளை தோண்டி வாழும் மந்தமான ஜீவன். விஷத்தை நம்பாமல், வயிற்றின்மேல் உள்ள அரிப்பு மயிர்களைப் பின்னங்காலால் உதிர்த்து எதிரியை விரட்டுவது. அமெரிக்கக் கண்டத்துச் சிலந்திகள் பலவற்றுக்கு உண்டான அந்த ஆயுதம் நம்முடையதற்கு இல்லை. மரத்தில் வாழும் நம் சிலந்திக்கு வேகமும் கடியுமே துணை. கடித்த இடத்து வலி ஒருபுறமிருக்க, தசைகள் இழுத்துப் பிடிக்கும் வேதனை சிலருக்கு நாட்கணக்கில் விட்டுவிட்டுத் தொடர்ந்திருக்கிறது. ஆகவே, முன்னங்கால்களைத் தூக்கி அடிப்புறத்து மஞ்சள் நிறத்தை அது காட்டுமாயின், அதை வீரமென்றோ கோபமென்றோ எண்ணாமல், விலகு என்ற எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு விலகிவிடு. கடிபட்டால் வீட்டு மருந்தில் காலம் கழிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

கையில் எடுத்து எடுத்துப் பழக்கினால் அது நம்மை அறிந்துகொள்ளும் என்ற அபிப்பிராயத்தையும் விட்டுவிடு. எட்டுக் கண் இருந்தும் அதற்குப் பார்வை மங்கல். காலின் மயிர்களால் அதிர்வை அறிந்து வாழ்கிறது. உன் கை அதற்குச் சூடான, அசையும் ஒரு கிளை. அந்தக் கிளைமேல் அதற்கு நேசமும் இல்லை, பகையும் இல்லை. அங்கிருந்து விழுந்தால் மெல்லிய வயிறு வெடித்து அது செத்துப்போகலாம். ஸ்பரிசத்தால் லாபம் உனக்கு மட்டுமே, நஷ்டம் முழுவதும் அதற்கு.

இலண்டனில் என் முதற் சிலந்தி மூன்று கிழமை இரையைத் தொடாதிருந்து, ஒருநாள் காலை மல்லாந்து கிடந்தது. செத்ததென்று முடிவுகட்டி, அதை எடுத்தெறியக் கரண்டியை நீட்டிவிட்டேன். அப்போது ஒரு கால் மெல்ல அசைந்தது. சாகும் சிலந்தி மல்லாப்பதில்லை, கால்களை வயிற்றின்கீழ் மடக்கிக் குறுகிக் கிடக்கும் என்பதும், மல்லாந்து கிடப்பது சட்டை உரிப்பதற்காக என்பதும் அன்று எனக்குத் தெரியாது. கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். தான் விரித்த பட்டு விரிப்பின்மேல் கிடந்த அதன் முதுகோடு ஒரு மூடியைப்போலத் திறக்க, நனைந்த சட்டையின் நீளக்கையிலிருந்து கையை இழுப்பதுபோல, ஒவ்வொரு காலையும் இழுத்து இழுத்து, இடையிடையே இளைப்பாறி, மத்தியானத்துக்கு மேல் பழைய உடம்பை அப்பால் ஒதுக்கிவிட்டு, வெளிறிய புதிய உடம்போடு கிடந்தது. பல்லிரண்டும் பால்வெள்ளையாய் இருந்தன. அவை சிவந்து கறுத்து இறுகும்வரை இரை போடலாகாது; உயிருள்ள தத்துவெட்டியை உள்ளே விட்டால் அந்தப் பூச்சியே சிலந்தியைக் கடித்துக் காயப்படுத்தலாம். உண்ணாவிரதத்தை நோயென்று எண்ணித் திரும்பத் திரும்ப இரை திணித்து, இந்தச் சமயத்தில் கொன்றவர்கள் எத்தனையோ பேர்.

இனி நான் சொல்லவந்த காரியத்துக்கு வருகிறேன். நான் வளர்த்தவை கூண்டிலேயே பிறந்தவை. நீ வைத்திருப்பதோ நம் மண்ணின் சொத்து. மரப்பொந்தில் கிடந்து கஷ்டப்படுவதை எடுத்து வந்து காப்பாற்றுகிறேன் என்று நீ வாப்பாவிடம் சொன்னாயாம். தம்பி, அது ஒரு கஷ்டமும் படவில்லை. பெண் சிலந்தி பத்து வருஷத்துக்கு மேலும் உயிர்வாழும். பொந்து பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் அந்தப் பொந்தே அதன் உலகம். அந்தப் பொந்து போனால்தான் கஷ்டம். இதே இனத்தில், 2009இல் மாங்குளத்தில் அகப்பட்டு, அங்கே துணைநின்ற பொலிஸ் அதிகாரி ஒருவரின் நினைவாக 2012இல் ராஜேயி என்று பெயர் பெற்ற சிலந்தி, கால் விரித்தால் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலம். முதிர்ந்த மரங்கள் அருகிப்போனதால் பழைய கட்டடங்களுக்குள் குடிபுகுந்து, அங்குள்ள ஆஸ்பத்திரியின் வைத்தியர் விடுதியிலும் காணப்பட்டது. இராமேசுவரத்து அனுமார் கோயிலொன்றின் பெயரை 2004இல் பெற்ற இன்னொன்று, கடலுக்கு இப்பால் நம் மன்னாரிலும் இருப்பது பின்னர் தெரியவந்தது. அதுவும் அழிவின் விளிம்பில் நிற்கிறது. கொழும்பில் கூடவிருந்து ஜெனீவாவுக்கு மாற்றப்பட்ட 2019ஆம் வருஷத்துச் சர்வதேச வனஜீவி வர்த்தக மாநாட்டில், இலங்கையும் சேர்ந்து முன்வைத்த பிரேரணையின்படி, இந்த இனம் முழுவதும் வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. யாராவது ஒருவன் நல்ல விலை தருகிறேன், பிடித்துக் கொடு என்று உன்னிடம் வந்தால், அவனுக்கு முகங்கொடுக்காதே.

குர்ஆனின் 29ஆம் அத்தியாயத்துக்குச் சிலந்தி என்றே பெயர். தௌர் குகை வாசலில் வலை பின்னிய சிலந்தியின் கதையைச் சிறுவயதிலிருந்தே கேட்டு, வீட்டுச் சிலந்தியை அடிக்கக் கை கூசும் நம் ஊரவர், இதன் உருவம் பெரிதென்ற ஒரே காரணத்துக்காக இதை மட்டும் மிதித்துக் கொல்வது எனக்கு ஆறாத மனவருத்தம்.

ஆகவே நாளை மகரிபுக்குப் பிறகு, போத்தலை அசைக்காமல் எடுத்துச் சென்று, வாயை அதே பொந்தோடு பொருத்தி, மூடியை மெல்ல நகர்த்திவிட்டுக் காத்திரு. விரலை நீட்டாதே, குச்சியால் குத்தாதே. வளர்க்கும் ஆசை தீராது என்பது எனக்குத் தெரியும். டோர்ச் லைட்டின் முகத்தில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு இரவில் போய்ப் பார். எத்தனை மணிக்கு வாசலுக்கு வந்தது, எதைப் பிடித்தது, எப்போது சட்டை உரித்தது என்று ஒரு கொப்பியில் எழுதிவை. நான் இலண்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்ததையெல்லாம் நீ அதன் சொந்த வீட்டிலேயே பார்ப்பாய்.

அந்தப் புளியைத் தறித்து விறகுக்குக் கொடுக்கப் போவதாக வாப்பா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நானே வீட்டுக்கு வந்து அவரிடம் பேசுகிறேன். அதுவரை கோடரியோடு யாரையும் வளவுக்குள் விடாதே.

அன்புடன்,
உன் காக்கா