உவர் மண்ணும் வேரின் மென்சவ்வும்

2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடற்கோளின்போது கல்முனைக்குடிக் கரையில் உப்புநீர் புகுந்தது. உவர் மண்ணில் ஈரமிருந்தும் பயிர் வாடும். அதன் காரணத்தைக் கமக்காரர் அறிதல் நன்று.

வேர்க்கலத்தின் மென்சவ்வு நீரை எளிதில் விடும். உப்பைப் பெரும்பாலும் தடுக்கும். கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்திற்கே நீர் செல்லும். இதுவே பிரசாரணம். ஆதலின் மண்ணில் உப்பு மிகுந்தால் வேரினால் நீரை உறிஞ்ச இயலாது. கலமென்சவ்வில் நீர் செல்லும் நுண்வழிகளைக் கண்டறிந்தமைக்காகப் பீற்றர் அக்ரே 2003இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு பெற்றார்.

செய்யவேண்டியவை:

1. நன்னீரைத் தேக்கி, வடிகால்வழி வெளியேற்றி உப்பைக் கழுவுக.
2. அதற்குமுன் இரசாயனப் பசளை இடற்க, பசளையும் உப்பே.
3. மரக்கறிப் பாத்திகளுக்கு வைக்கோல் மூடாக்கு இடுக. நீர் ஆவியாகுங்கால் உப்பு மேலெழும்.
4. வயலுக்கு உவரைத் தாங்கும் ஏ.ரீ. 354 நெல்லினத்தைத் தெரிந்தெடுக்க.

நீர் பாய்ச்சினால் மட்டும் போதாது. உப்பு வெளியேற வழியும் வேண்டும்.